எந்தக் கட்டத்துக்கு எந்த மண்? நிலத்தடி மாடலில் வகை ஒதுக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

நிலத்தடியில் நீர் எப்படி ஓடும் என்று கணினியில் கணக்கிட, நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் கிரிட் போட்டு முடித்தாயிற்று. இரண்டு லட்சம் கட்டங்கள். ஒவ்வொன்றின் கன அளவும் தெரியும், அண்டைக் கட்டம் எது என்பதும் தெரியும். அது மணலா, களிமண்ணா, விரிசல் விட்ட கிரானைட்டா என்பது மட்டும் தெரியாது. அதைச் சொல்ல நம் கையில் இருப்பது பத்துப் பதினைந்து ஆழ்துளைக் கிணறுகளின் மண் குறிப்பு, ஒரு நிலவியல் வரைபடம், கொடுத்துவைத்திருந்தால் கொஞ்சம் மின்தடை அளவீடு. இவ்வளவு சொற்பமான சாட்சியத்தை வைத்துக்கொண்டு இரண்டு லட்சம் கட்டங்களுக்கும் வகை ஒதுக்க வேண்டும்.

இதற்கு நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு. கையால் பகுதி பிரித்து எழுதுவது. நிலவியல் பரப்புகளை முதலில் வரைந்து, அவற்றைக் கிரிட்டின் மேல் இறக்குவது. புள்ளியியல் முறையில் சாத்தியமான பல வரைபடங்களை உருவாக்குவது. நான்காவது, வகை என்ற பேச்சையே விட்டுவிட்டு ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரடியாக எண் மதிப்பு கொடுப்பது. எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. மாடலிடம் நீங்கள் என்ன கேட்கப்போகிறீர்கள் என்பதுதான் தேர்வை முடிவு செய்ய வேண்டும். ஆனால் பெரும்பாலான திட்டங்களில் அதை முடிவு செய்வது கையில் இருக்கும் மென்பொருளின் உள்ளீட்டுக் கோப்பு. முதலில் அந்தக் கதையைப் பார்த்துவிடலாம்.

மென்பொருள் எதை எதிர்பார்க்கிறது

நிலத்தடியில் நீரும் வெப்பமும் ஓடுவதைக் கணக்கிடும் டஃப்2 (TOUGH2) போன்ற நிரல்களில் வகை என்பது ஐந்து எழுத்துப் பெயர். பாறைப் பகுதியில் அந்தப் பெயருக்கு எதிரே அடர்த்தி, நுண்துளைமை, மூன்று திசை ஊடுருவுதிறன், வெப்பக் கடத்துதிறன், தன்வெப்பம் எல்லாம் எழுதப்படும். கட்டங்களின் பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் 16 முதல் 20 வரையிலான இடங்களில் அந்தப் பெயர் வரும். அதாவது வகை என்பது ஒரு குணப்பொட்டலம். கட்டம் அதைச் சுட்டிக்காட்டுகிறது, அவ்வளவே. பொட்டலத்தை ஒரு முறை மாற்றினால் அதைச் சுட்டும் எல்லாக் கட்டங்களும் மாறிவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு பொறி உண்டு. அந்த ஐந்து இடங்களையும் வெற்றாக விட்டால், பாறைப் பகுதியில் முதலாவதாக எழுதிய வகை தானாக ஒதுக்கப்படும். எச்சரிக்கை எதுவும் வராது. நிரல் சமர்த்தாக ஓடி முடியும்.

நிலத்தடி நீரோட்ட நிரலான மோட்ஃப்ளோவின் (MODFLOW) வழக்கம் வேறு. மோட்ஃப்ளோ 6-இல் நீர்க்கடத்துதிறன் கட்டத்துக்குக் கட்டம் ஓர் எண். மணல், களிமண் என்ற கருத்தே உள்ளீட்டில் இல்லை. நாம்தான் வகையை வெளியே வைத்துக்கொண்டு எண்ணாக மாற்றிக் கொடுக்க வேண்டும். எண்ணெய்க்கிணற்று உலகின் ஈக்லிப்ஸ் இரண்டையும் கலக்கிறது: ஊடுருவுதிறன் எண்ணாகவும், ஒப்பு ஊடுருவுதிறன் வளைவுகள் (எண்ணெயும் நீரும் சேர்ந்து ஓடும்போது ஒவ்வொன்றும் எவ்வளவு எளிதாக ஓடும் என்பவை) சாட்நம் என்ற வகை எண் வழியாகவும் போகும். அங்கேயும் சாட்நம் தராமல் விட்டால் எல்லாக் கட்டங்களுக்கும் 1 என்று வைத்துக்கொள்ளும். மண்ணில் நீர் இறங்குவதைக் கணக்கிடும் ஹைட்ரஸில் வகை ஒதுக்கப்படுவது வலையின் முனைப்புள்ளிகளான கணுக்களுக்கு, கணுக்களுக்கு இடையிலான கூறுக்கு அல்ல. அதனால் மணலும் களியும் சந்திக்கும் கோடு ஒரு கூறின் அகலத்துக்குக் கரைந்துதான் நிற்கும். கோடு கூர்மையாக வேண்டுமென்றால் அந்த இடத்தில் வலையை நெருக்க வேண்டும்.

இந்த வேறுபாடுகளால்தான், டஃப்2 பழகியவர் வகைகளாகவே சிந்திக்கிறார், மோட்ஃப்ளோ பழகியவர் எண்களாகவே சிந்திக்கிறார். இரண்டும் பழக்கமே தவிர நிலவியல் அல்ல.

கையால் பகுதி பிரிப்பது

மிகப் பழைய வழி. 1 முதல் 5 வரையிலான கிரிட் அடுக்குகள் மணல், 6 களிமண், 7 முதல் 10 வரை சரளை. கிழக்கே இந்தப் பலகோணத்துக்குள் வருவதெல்லாம் சிதைவுற்ற பாறை. அரை நாள் வேலை. யார் படித்தாலும் புரியும். நிலவியல் தெரிந்த ஒருவர் கோப்பைப் பார்த்தே தவறைச் சுட்டிக்காட்ட முடியும். இந்த வெளிப்படைத்தன்மையை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். சிக்கலான முறைகளில் உருவான பல மாடல்களில், ஒரு கட்டம் ஏன் களிமண் ஆனது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

ஆனால் கையால் எழுதும்போது நிலவியல் கிரிட்டுக்குள் புதைந்துவிடுகிறது. ஆறாவது அடுக்கு களிமண் என்று எழுதியபின், அந்த அடுக்கை இரண்டாகப் பிரித்து நுணுக்கமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். எல்லாப் பட்டியலையும் திருத்த வேண்டும். யாரும் திருத்துவதில்லை. விளைவு, கிரிட்டை மாற்றினால் விடை மாறுகிறதா என்ற அடிப்படைச் சோதனையே நடக்காமல் போகிறது. இந்த வழியில் மிகப் பெரிய விலை இதுதான். உழைப்பு அல்ல, செய்யாமல் விட்ட சோதனை.

இன்னொன்று வரிசை. ஈக்லிப்ஸில் பெட்டி பெட்டியாக மதிப்பு எழுதும்போது இரண்டு பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் கடைசியாக எழுதியதே நிற்கும். முதலில் முழு அடுக்கையும் மணலாக்கி, பிறகு நடுவில் களிவில்லையை வைத்தால் சரி. வரிசை தலைகீழானால் களிவில்லை சத்தமில்லாமல் காணாமல் போய்விடும்.

நீர்மட்டம் எவ்வளவு இறங்கும் என்ற தோராயமான கேள்வி, மூன்று நான்கு படிவுகள், எல்லாம் ஏறக்குறைய கிடையாகப் படிந்தவை. இப்படி இருந்தால் கைவேலையே போதும். படிவுகள் சாய்ந்திருந்தாலோ, ஓரிடத்தில் தடித்து இன்னோரிடத்தில் ஒன்றுமில்லாமல் போனாலோ அடுத்த வழிக்குப் போய்விடுங்கள்.

பரப்புகளை வரைந்து கிரிட்டில் இறக்குவது

இங்கே நிலவியல் கிரிட்டுக்கு வெளியே வாழ்கிறது. ஒவ்வொரு படிவின் மேற்பரப்பும் அடிப்பரப்பும் ஆழ்துளைத் தரவிலிருந்து இடைக்கணித்து வரையப்படுகின்றன. பிளவுகளும் மடிப்புகளும் உள்ள இடங்களில் மறைமுக மாடலிங் என்ற முறை: பாறைத் தொடர்பு தெரிந்த புள்ளிகளையும் சாய்வு அளவுகளையும் கொடுத்தால் முப்பரிமாணத்தில் ஒரு சார்பு பொருத்தப்பட்டு, அதன் சமமதிப்புப் பரப்புகள் படிவு எல்லைகளாகக் கிடைக்கும். லீப்ஃபிராக், ஜெம்பை போன்ற மென்பொருள்கள் இந்த வழியில் வேலை செய்கின்றன. பிறகு எந்தக் கிரிட் வேண்டுமானாலும் இதன் மேல் வைத்து, எந்தக் கட்டம் எந்தப் படிவுக்குள் விழுகிறது என்று கேட்டுக்கொள்ளலாம். கிரிட்டை மாற்றினால் கேள்வியை மறுபடி கேட்டால் போதும்.

உண்மையான முடிவு அந்தக் கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. ஒரு கட்டம் இரண்டு படிவுகளில் கால் வைத்து நின்றால் என்ன செய்வது? மூன்று விதிகள் புழக்கத்தில் உள்ளன. கட்டத்தின் மையப்புள்ளி எந்தப் படிவில் இருக்கிறதோ அதுவே வகை. கன அளவில் பாதிக்கு மேல் எது இருக்கிறதோ அது. அல்லது, எல்லாவற்றின் பங்கையும் கணக்கிட்டுச் சராசரிக் குணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 மீட்டர் உயரமுள்ள கட்டம். 9 மீட்டர் மணல், நீர்க்கடத்துதிறன் நொடிக்கு 10⁻⁴ மீட்டர். நடுவில் சேராமல் மேல்பக்கமாக 1 மீட்டர் களிமண், 10⁻⁹. மைய விதிப்படி கட்டம் மணல். பெரும்பான்மை விதிப்படியும் மணல். கிடைத்திசை ஓட்டத்துக்கு இது பழுதில்லை: சரியான மதிப்பு கூட்டுச் சராசரி, 9×10⁻⁵, நாம் வைத்தது 10⁻⁴. பத்து சதவீதப் பிழை, இந்தத் துறையில் யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். செங்குத்து ஓட்டத்துக்கு, சிறிய மதிப்பே ஆதிக்கம் செலுத்தும் இசைச் சராசரி (harmonic mean) எடுக்க வேண்டும். அது கிட்டத்தட்ட 10⁻⁸. நாம் வைத்ததோ 10⁻⁴. பத்தாயிரம் மடங்கு பிழை. பெருக்குச் சராசரி (geometric mean) எடுத்து நடுவழி போகலாமா என்றால் அது 3×10⁻⁵ தருகிறது. செங்குத்தாக இன்னும் மூவாயிரம் மடங்கு அதிகம்.

ஆக, ஒரே கட்டம், ஒரே விதி. கிணற்றில் எவ்வளவு நீர் எடுக்கலாம் என்ற கேள்விக்கு அது நல்ல மாடல், மேலே கொட்டிய ரசாயனம் கீழே இறங்குமா என்ற கேள்விக்கு உதவாத மாடல். தடித்த படிவுகள் கொள்ளளவை முடிவு செய்கின்றன; மெல்லிய படிவுகள் கசிவை முடிவு செய்கின்றன. பெரும்பான்மை விதி மெல்லியவற்றை எப்போதும் தோற்கடிக்கும். கசிவு உங்கள் கேள்வி என்றால் அந்த விதியைத் தொடாதீர்கள்.

கன அளவுப் பங்கு வைத்துச் சராசரி எடுப்பது தீர்வாகத் தெரியும். மண்துளைகள் முழுதும் நீர் நிறைந்த நிறைநீர் ஓட்டத்துக்கு, படிவுகள் கிரிட்டுக்கு இணையாக இருக்கும்வரை, உண்மையிலேயே தீர்வுதான். மோட்ஃப்ளோ 2000-க்காக எழுதப்பட்ட ஹஃப் தொகுதி இதைத்தான் செய்தது: நிலநீரியல் அலகுகளைக் கிரிட் அடுக்குகளிலிருந்து பிரித்துத் தனியாகக் கொடுத்தால், ஒவ்வொரு கட்டத்துக்கும் சமான மதிப்பை அதுவே கணக்கிடும். நல்ல யோசனை.

துளைகளில் நீரோடு காற்றும் இருக்கும் நிறையாத மண்ணில் இந்தச் சராசரி வழி உடைகிறது. கார்செல், பாரிஷ் இருவரும் 1988-இல் வெளியிட்ட அட்டவணையில் மணலுக்கு, மண் ஈரத்தைப் பிடித்துவைக்கும் விதத்தை விவரிக்கும் வான் கெனுக்டன் சமன்பாட்டின் ஆல்ஃபா சென்டிமீட்டருக்கு 0.145, என் (n) 2.68, நிறைநிலைக் கடத்துதிறன் நாளுக்கு 712.8 சென்டிமீட்டர். களிமண்ணுக்கு 0.008, 1.09, 4.8. பாதி மணல், பாதி களிமண் உள்ள கட்டத்துக்கு நேர் சராசரி போட்டால் ஆல்ஃபா 0.0765, என் 1.885. அதே அட்டவணையில் மணற்சாரி வண்டல்மண்ணுக்கு 0.075, 1.89! சராசரி எடுத்ததால் அங்கே இல்லவே இல்லாத ஒரு மண் பிறந்துவிட்டது, அதுவும் அட்டவணையில் உள்ள உண்மையான மண்ணைப் போல நம்பும்படியாக. கடத்துதிறன் சராசரி 358.8, ஆனால் மணலும் களியும் அடுக்காக இருந்தால் நிறைநிலையில் செங்குத்தாகப் போகக்கூடியது நாளுக்கு வெறும் 9.5 சென்டிமீட்டர். உண்மையில் களியின் தலையில் நீர் தேங்கி நிற்கும். மாடலில் சல்லென்று இறங்கிப் போகும். நிறையாத மண்டலத்தில் வகைகளைக் கலக்காதீர்கள். கட்டத்தைச் சிறிதாக்குங்கள்; முடியாவிட்டால் கேள்விக்கு முக்கியமான வகை எதுவோ அதை முழுக் கட்டத்துக்கும் கொடுத்து, தடிப்பு கூடியதற்கு ஏற்பக் கடத்துதிறனைச் சரிக்கட்டுங்கள்.

இரண்டு கட்டங்களின் எல்லையில் நிரல் என்ன செய்கிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மோட்ஃப்ளோ 6 இயல்பாக இசைச் சராசரி எடுக்கும். டஃப்2-இல் அதற்கான தெரிவை மாற்றாமல் விட்டால், ஊடுருவுதிறன் ஓட்டம் வரும் பக்கத்துக் கட்டத்திலிருந்தே எடுக்கப்படும். இசைச் சராசரி வேண்டுமென்றால் மாப் 11 (MOP 11) என்ற அந்தத் தெரிவை 2 ஆக்க வேண்டும். ஒரே வகை வரைபடத்தை இரண்டு நிரலிலும் போட்டு, விடை வேறாக வந்ததும் வரைபடத்தைச் சந்தேகிப்பவர்கள் முதலில் இந்த இடத்தைப் பார்க்கலாம்.

கிரிட் நிலவியலுக்கு வளைவதா, நிலவியல் கிரிட்டுக்கு வளைவதா

பரப்புகள் கையில் இருந்தால் இன்னொரு தெரிவு திறக்கிறது: கிரிட் அடுக்குகளையே படிவு எல்லைகளோடு வளைத்துப் போட்டுவிடலாம். அப்போது எந்தக் கட்டமும் இரண்டு படிவுகளில் நிற்காது. மேலே பார்த்த தலைவலி இல்லை. மெல்லிய களி இருந்தால் மெல்லிய கிரிட் அடுக்கு, அவ்வளவுதான்.

தொந்தரவு படிவு முடியும் இடத்தில் வருகிறது. களி மேற்கே போகப் போக மெலிந்து மறைகிறது. ஆனால் கிரிட் அடுக்கு மாடலின் எல்லை வரை போயாக வேண்டும். முன்பெல்லாம் களி இல்லாத இடத்திலும் சில சென்டிமீட்டர் தடிப்புள்ள போலி அடுக்கு வைத்து, அதற்கு மேலே உள்ள மணலின் குணத்தைக் கொடுத்து ஒப்பேற்றுவார்கள். இந்தப் போலிக் கட்டங்கள் கணக்கீட்டைச் சிரமப்படுத்தும், வறண்டு போகும், குவியாமல் அடம் பிடிக்கும். மோட்ஃப்ளோ 6-இல், கட்டம் கணக்கில் உண்டா என்று குறிக்கும் ஐடொமைன் மதிப்பை -1 என்று வைத்தால் அந்தக் கட்டம் இல்லாததாகி, மேலே உள்ளதும் கீழே உள்ளதும் நேரடியாக இணைந்துகொள்ளும். 0 என்று வைத்தால் அந்த இடம் அடைபட்டுவிடும். படிவு மறைந்த இடத்தில் -1 தேவை. 0 போட்டால், களி இல்லாத இடத்தில் களியை விட மோசமான தடுப்பு எழும்பியிருக்கும்.

நேரான பெட்டிக் கட்டங்களை வைத்துக்கொண்டு சாய்ந்த படிவுகளைப் படியாக வெட்டுவது மறுபக்கம். பிளவுகள் நிறைந்த, மடிந்த பாறைக்கு இதுவே சுலபம். ஆனால் ஒரு கட்ட அகலமே உள்ள சாய்ந்த மணல் வாய்க்கால் இங்கே மூலைகளில் மட்டும் தொடும் கட்டங்களின் வரிசையாகிவிடும். பெரும்பாலான நிரல்களில் நீர் முகத்தின் வழியாகத்தான் போகும், மூலை வழியாகப் போகாது. வரைபடத்தில் தொடர்ச்சியாகத் தெரியும் வாய்க்கால் கணக்கில் துண்டு துண்டாகக் கிடக்கும். களியில் இதற்கு எதிரான பிசகு: கட்டத்தின் உயரத்தைவிட மெல்லிய சாய்ந்த களியை மைய விதியில் இறக்கினால் சில இடங்களில் மையம் களிக்குள் விழாது, தடுப்பில் ஓட்டைகள். ஆகவே வகை ஒதுக்கியபின் ஒரு முறை இணைப்புச் சோதனை செய்யுங்கள்: ஒரே வகையில், முகம் தொடும் கட்டங்கள் எத்தனை தனித்தனிக் கூட்டங்களாக இருக்கின்றன? பைத்தானில் இதற்கு ஒரே ஒரு கட்டளை போதும்.

புள்ளியியல் வரைபடங்கள்

ஆற்றுப் படிவுகளில் பரப்பு வரைய முடியாது. மணல், வண்டல், களி எல்லாம் வில்லை வில்லையாகப் பின்னிக்கிடக்கும். இரண்டு ஆழ்துளைகளுக்கு இடையே என்ன இருக்கிறது என்று ஒரே ஒரு கோடு போட்டுச் சொல்வது பொய்யான உறுதி. அங்கே ஒரு வரைபடத்துக்குப் பதில் தரவோடு ஒத்துப்போகும் நூறு வரைபடங்கள் தேவை.

முதலில் செய்யவே கூடாத ஒன்று: வகை எண்ணை இடைக்கணிப்பது. மணல் 1, சரளை 2, களி 3 என்று எண் கொடுத்துவிட்டுக் கிரிகிங் என்ற புள்ளியியல் இடைக்கணிப்பை ஓட்டினால், மணலுக்கும் களிக்கும் நடுவே 2 வரும், அதாவது சரளை. அந்த எண் அளவு அல்ல, பெயர்ப்பலகை. ஒவ்வொரு வகைக்கும் இருக்கிறது அல்லது இல்லை என்று 1, 0 ஆக மாற்றிக்கொண்டு, அவற்றைத் தனித்தனியாகக் கணிப்பதுதான் சுட்டி முறைகளின் அடிப்படை.

அவற்றில் வரிசைமுறைச் சுட்டி உருவகப்படுத்தல் எல்லா இடத்திலும் கிடைக்கும், விரைவானது. வேரியோகிராம் என்ற இருபுள்ளித் தொடர்பை மட்டுமே அறியும். அதனால் படம் பெரும்பாலும் திட்டுத்திட்டாக, நிலவியலாளர் பார்த்தால் முகம் சுளிக்கும்படி இருக்கும். கார்ல், ஃபாக் ஆகியோர் 1990-களில் வளர்த்த மாறுநிகழ்தகவு முறை எனக்குப் பிடித்தது. அது கேட்பவை நிலவியலாளர் பதில் சொல்லக்கூடிய கேள்விகள்: ஒவ்வொரு வகையின் பங்கு என்ன, சராசரி நீளம் எவ்வளவு, எதன் மேல் எது வரும்? ஆற்றுப் படிவு மேலே போகப் போக நுண்ணியதாகும் என்ற அறிவை அதில் நேரடியாக நுழைக்கலாம், ஏனென்றால் மேல்நோக்கிய மாற்றமும் கீழ்நோக்கிய மாற்றமும் சமமாக இருக்க வேண்டியதில்லை. செங்குத்துத் தரவு ஆழ்துளையில் ஏராளம். கிடைத்திசை நீளம்தான் தெரியாது, கிணறுகள் அவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கும். அருகருகே படியும் சூழல்களே மேலும் கீழுமாக அடுக்கப்படுகின்றன என்ற வால்தரின் விதியை வைத்துச் செங்குத்துத் தகவலிலிருந்து கிடைத்திசையை ஊகிப்பார்கள். ஊகம்தான், ஆனால் எங்கே ஊகித்தோம் என்பது வெளிப்படையாக இருக்கிறது.

வளைந்து ஓடும் வாய்க்கால் வடிவங்கள் முக்கியமென்றால் பலபுள்ளி முறை. இதற்கு ஒரு பயிற்சிப் படம் கொடுக்க வேண்டும். நிரல் அதன் அமைப்புகளை நகலெடுக்கும். ஸ்ட்ரெபெல் 2002-இல் விவரித்த ஸ்னெசிம் என்ற நிரல் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. படங்கள் அழகாக வரும், அதுதான் ஆபத்தும். விடையைத் தீர்மானிப்பது பயிற்சிப் படம். அதைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். ஆழ்துளைத் தரவுக்கு அதில் பங்கு குறைவு.

இத்தனை சிரமம் எதற்கு? இணைப்புக்காக. ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகச் சுண்டிவிட்ட காசைப்போல மணல், களி என்று முடிவு செய்தால், முப்பரிமாணக் கனக் கிரிட்டில் மணலின் பங்கு சுமார் 31 சதவீதத்தைத் தாண்டியதும் மாடலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தொடர் மணல்பாதை உண்டாகிவிடும். இருபரிமாணச் சதுரக் கிரிட்டில் அதற்குச் சுமார் 59 சதவீதம் தேவை. உண்மையான படிவுகள் இப்படித் தற்செயலாகச் சிதறுவதில்லை. நீண்டு கிடப்பதால் இந்த எல்லைகள் இடம்பெயரும். ஆனால் சங்கதி மாறாது: 40 சதவீத மணல் உள்ள குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்து மணல் துண்டுதுண்டாகக் கிடக்கிறது, மாசு பரவாது என்று சொல்வது தவறு. மூன்றாவது பரிமாணத்தில் அது சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்திருக்கும். நிலவியல் அறிக்கைகளில் குறுக்குவெட்டுப் படங்களே அதிகம் என்பதால் இந்தத் தவறு பரவலானது.

மாசு எப்போது வந்து சேரும் என்ற கேள்விக்கு, இணைப்பை மதிக்கும் வழி வேண்டும். சராசரி நீர்மட்டம் என்ற கேள்விக்கு வேண்டாம். நூறு வரைபடங்களை ஓட்டி, நூறிலும் நீர்மட்டம் ஒன்றேபோல் வந்தால், கணினி நேரத்தை வீணாக்கியிருக்கிறீர்கள். அதைத் தெரிந்துகொள்ள நூறு தேவையில்லை, முதல் ஐந்திலேயே தெரிந்துவிடும்.

வகையே வேண்டாமென்றால்

சில குழுக்கள் வகையைக் கைவிட்டு, ஒவ்வொரு கட்டத்தின் கடத்துதிறனையும் அளவீடுகளோடு பொருத்திக் கண்டுபிடிக்கின்றன. மாடலெங்கும் வழிகாட்டிப் புள்ளிகளைத் தூவி, அவற்றின் மதிப்பை பெஸ்ட் (PEST) போன்ற பொருத்தும் நிரலால் சரிசெய்து, இடையில் கிரிகிங்கால் நிரப்புவது இதன் பிரபல வடிவம். நீர்மட்டப் பதிவு நிறைய இருந்தால் பொருத்தம் பிரமாதமாக வரும். ஆனால் வழவழப்பான புலம் கிடைக்கும். களி எல்லை போன்ற திடீர் மாற்றத்தை அது கரைத்துவிடும். மேலும், கடத்துதிறன் ஒன்றே பொருத்தப்படுகிறது. நுண்துளைமை, ஈரப்பிடிப்பு வளைவு, வெப்பக் குணம் ஆகியவை அதோடு சேர்ந்து மாற வேண்டும் என்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லை. களி அளவு கடத்துதிறனும் மணல் வளைவும் கொண்ட கட்டங்கள் உருவாகும். குணங்களைச் சேர்த்தே வைத்திருப்பதுதான் வகையின் முதன்மைப் பயன்.

நடுவழி ஒன்று உண்டு. வகையை வைத்துக்கொண்டு, அதற்குள் கட்டத்துக்குக் கட்டம் ஒரு பெருக்கி கொடுப்பது. டஃப்2-இல் கட்ட வரியிலேயே ஊடுருவுதிறன் பெருக்கிக்கு இடம் இருக்கிறது; பாறைப் பகுதியில் சீட் என்ற பெயருள்ள போலி வகையைச் சேர்த்தால் அது உயிர்பெறும். பெருக்கியின் வர்க்கமூலத்தால் நுண்புழை அழுத்தமும் வகுக்கப்படும், லெவரெட்டின் அளவுமாற்று விதிப்படி. ஊடுருவுதிறன் குறைந்த இடத்தில் நீர்ப்பிடிப்பு கூடும் என்ற இயற்பியல் காப்பாற்றப்படுகிறது. ஹைட்ரஸிலும் இதேபோல அளவுமாற்றுக் காரணிகள் உண்டு. பல வேலைகளுக்கு எனக்கு இதுவே நிறைவான வழியாகத் தெரிகிறது.

வானிலிருந்தோ தரையிலிருந்தோ எடுத்த மின்தடை அளவைக் கட்டத்துக்குக் கட்டம் வகையாக மாற்றுவதும் இப்போது பெருகிவருகிறது. களிமண்ணின் மின்தடை குறைவு. உப்புநீர் நிறைந்த மணலின் மின்தடையும் குறைவு. ஆழ்துளைச் சாட்சி இல்லாமல் இரண்டையும் பிரிக்க முடியாது, எந்த இயந்திரக் கற்றலும் அதை மாற்றப்போவதில்லை. கடலோரத்தில் இதைச் செய்பவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

எத்தனை வகை?

ஆழ்துளைக் குறிப்பில் முப்பது விதப் பெயர்கள் இருக்கும். பழுப்புக் களி, சாம்பல் களி, மணல் கலந்த களி. நிறம் ஓட்டத்தை மாற்றாது. இரண்டு வகைகளின் கடத்துதிறன் ஒரு பத்துமடங்குக்குள் இருந்து, வேறு குணமும் மாறவில்லையென்றால் சேர்த்துவிடலாம். ஐந்தாறு வகைகளில் பெரும்பாலான நிலநீர் வேலை முடிந்துவிடும். புவிவெப்ப மாடல்களில் மட்டும் எதிர்த்திசையில் வளர்ச்சி: ஒரு கிணற்றின் வெப்பநிலையைப் பொருத்த ஒரு புது வகை, அடுத்த கிணற்றுக்கு இன்னொன்று என்று நூற்றுக்கணக்கில் போய்விடும். அந்த வகைகள் பாறைகள் அல்ல, திருகுகள். அப்படித்தான் என்று தெரிந்தே செய்தால் குற்றமில்லை. பெயரை மட்டும் பாறைப் பெயராக வைக்காதீர்கள், பின்னால் வருபவர் நிலவியல் என்று நம்பிவிடுவார்.

கலவையாகச் செய்யும்போது

நடைமுறையில் ஒரே வழியில் முழு மாடலும் முடிவதில்லை. பெரிய படிவுகளுக்குப் பரப்புகள். அவற்றில் ஆற்றுப் படிவு ஒன்றுக்குள் மட்டும் புள்ளியியல். நிரப்புமண், தடுப்புச்சுவர், சுரங்கம் போன்ற மனித வேலைகளுக்குக் கைப்பலகோணம். அவற்றின் இடம் துல்லியமாகத் தெரியும், இடைக்கணிக்கத் தேவையில்லை. இந்த வரிசையிலேயே எழுதினால் பின்னது முன்னதை மூடும், நிலத்தில் நடந்த வரிசையும் அதுதான். வளிமண்டலத்தையோ ஏரியையோ குறிக்கும் எல்லைக் கட்டங்களுக்குத் தனி வகை கொடுங்கள். மண்வகையைப் பகிர்ந்தால், பின்னால் மண்ணைத் திருத்தும்போது எல்லையும் சேர்ந்து மாறும்.

எழுதும் திசையிலும் கண் வேண்டும். மோட்ஃப்ளோவில் முதல் அடுக்கு மேலே, முதல் வரிசை வடக்கு விளிம்பில். ஜிஎஸ்லிப் (GSLIB) என்ற நிரல்தொகுப்பின் வழியில் வரும் புள்ளியியல் கோப்புகளில் கணக்கு கீழ் மூலையிலிருந்து மேல்நோக்கிப் போகும். பைத்தான் 0-இலிருந்து எண்ணும், ஃபோர்ட்ரான் 1-இலிருந்து. தலைகீழான மாடல் பல நேரம் பார்க்க நன்றாகவே இருக்கும், களியும் மணலும் மாறி மாறி வரும் இடத்தில் யார் கண்டுபிடிப்பது? வடகிழக்கு மேல் மூலைக் கட்டம் ஒன்றுக்கு மட்டும் வேறெங்கும் இல்லாத ஒரு வகையைக் கொடுத்து, நிரலின் வெளியீட்டில் அது எங்கே வருகிறது என்று பாருங்கள்.

அதோடு, ஒவ்வொரு வகையின் மொத்தக் கன அளவையும் இரண்டு முறை கூட்டுங்கள்: ஒருமுறை மூல நிலவியல் மாடலில், ஒருமுறை நிரல் உண்மையில் படித்த கட்டங்களில். களியின் கன அளவு கணிசமாகக் குறைந்திருந்தால் பெரும்பான்மை விதி அதைத் தின்றிருக்கிறது. டஃப்2-இல் முதல் வகையின் கன அளவு எதிர்பார்த்ததைவிடக் கூடியிருந்தால், எங்கோ பெயர் வெற்றாக இருக்கிறது. அந்த முதல் இடத்தில் யாரும் பயன்படுத்தாத, ஊடுருவுதிறன் சுழியமான ஒரு போலி வகையை வைத்துவிட்டால் வெற்றுக் கட்டங்கள் முதல் ஓட்டத்திலேயே தாமாகக் கண்ணில் படும்.